கறிக்குத் தொட்டுக்கச் சோறு

சர்க்கரை வியாதிக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். சரி, வியாதிக்குக் கிடையாது. அதற்கு எழுதித் தரும் பத்தியத்துக்கு உண்டு. ஆஸ்பத்திரிகளில் நீரிழிவு நோயாளிகளுக்குத் தரும் உணவுத் தாள் ஒன்றை வாங்கிப் படித்துப் பாருங்கள். காலையில் இட்லி மூன்று, சாம்பார். பதினொரு மணிக்கு மோர். மதியம் ஒரு கப் சாதம், கூட்டு, பொரியல், ரசம். சாயங்காலம் சுண்டல். ராத்திரி சப்பாத்தி மூன்று. அதற்குக் கீழே, போனால் போகிறது என்று ஒரு வரி: அசைவம் சாப்பிடுவோர் வாரம் ஒருமுறை தோல் நீக்கிய கோழி அல்லது மீன். இன்னொரு பக்கம் 'தவிர்க்க வேண்டியவை': இனிப்பு, கிழங்கு, ஆட்டுக்கறி.

மாடு இந்தத் தாளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. பன்றி இல்லை. குடல், ரத்தம், நத்தை, கருவாடு இல்லை. ஆட்டுக்குத் தடையாவது இருக்கிறது. நம்முடைய சட்டியில் கொதிப்பதற்குத் தடைகூட இல்லை. தடை செய்வதற்குப் பெயரை வாயால் சொல்ல வேண்டுமே!

இது மருத்துவத்தின் மறதியல்ல. மொழியிலேயே இந்த வேலை முடிந்துவிட்டது. ஒரு மதத்தின் பெயர் தமிழில் ஒரு சாப்பாட்டின் பெயராகிவிட்டது: சைவம். மற்றவன் தின்பதற்குத் தனிப்பெயர் கிடையாது. முன்னால் ஒரு 'அ' சேர்த்து 'அசைவம்' என்றார்கள். நாட்டில் மிகப் பெரும்பாலோர் தின்பது விதிவிலக்காம், சிறுபான்மை தின்பது விதியாம். தமிழ் எம்.ஏ. வகுப்பில் அகநானூற்றின் 309ஆம் பாட்டு வந்தால் வாத்தியார் வேகமாகத் தாண்டிப் போவார். மழவர் கொழுத்த ஆவை அடித்து வேம்படித் தெய்வத்துக்குக் குருதி தூவிக் கறியைப் புழுக்கித் தின்ற பாட்டு அது. பொருநராற்றுப்படையில் ஒரு கலைஞன், கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் கறி தின்று பல்லே மழுங்கிப்போச்சு என்கிறான். இவையெல்லாம் செம்மொழிப் பெருமைக்கு ஆகும். தமிழனுடைய பத்தியத் தாளுக்கு ஆகாது.

•

சேரிக்குச் சர்க்கரை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

'பணக்கார வியாதி' என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு இதை எப்போதோ உடைத்துவிட்டது. வசதியான மாநிலங்களின் நகரங்களில் கீழ்த்தட்டு மக்களிடம்தான் நீரிழிவு அதிகம் என்று 2017இல் அது சொன்னது. 2023இல் வந்த கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவோடு இருப்பவர்கள் 10 கோடிக்கும் மேல். 2025இல் வந்த கணக்கு சாப்பாட்டைப் பற்றியது: இந்தியர்கள் உண்ணும் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது.

நம் தாத்தா பாட்டிகளுக்கு நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். விளைவித்தவன் நாம், தின்றவன் ஆண்டை. அதனால் அரிசி நமக்கு வெறும் தானியமல்ல, அது மரியாதை. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தோடு ஓர் ஆட்சி வந்தது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011இலிருந்து இலவசம். இதைக் கொச்சைப்படுத்துகிறவன் பசி தெரியாதவன். 'ரேஷன் அரிசி தின்னு சோம்பேறியாயிட்டானுங்க' என்று பேசும் நிலக்காரனின் குரலோடு என் குரல் சேராது. அரிசி வேண்டும். என் கேள்வி, அரிசியோடு ஏன் நின்றுபோனது என்பதுதான்.

கணக்குப் போடுங்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி என்றால் அதில் ஏறக்குறைய 15½ கிலோ மாவுச்சத்து. கூடவே 1 கிலோ துவரம்பருப்பு, அதில் புரதம் 220 கிராம் அளவுக்கு. நாலு பேர், முப்பது நாள் என்று பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம்கூட வராது. சர்க்கரை மட்டும் மறக்காமல் கொடுக்கிறார்கள். 2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்ல திட்டம், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் சர்க்கரையை ஏற்றுவது ரேஷன் கடையில், இறக்குவது வாசலில் என்றால் நடுவில் உள்ள உடம்பு யாருடையது?

•

என் பெரியம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் பிழைத்தவர். ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. கூட்டிப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, பக்கத்து அறையில் உணவு ஆலோசனை கேட்டுக்கொள்ளச் சொன்னார். அங்கே ஒரு சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"கறி எல்லாம் சாப்பிடுவீங்களாம்மா?"

"எப்பனா கோழிங்க."

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வேகும் வீடு அது. வெளியே வந்ததும், ஏன் பெரியம்மா அப்படிச் சொன்னே என்று கேட்டேன். "பின்ன இன்னாடி சொல்லச் சொல்ற? அந்தப் பொண்ணு நெத்தி நெறைய துந்நூறு வச்சிக்கினு ஒக்காந்துக்கினு கீது. அதுங்கிட்டப் போயி மாட்டுக்கறின்னா, அந்தண்ட போன்னு மொகத்தச் சுளிச்சிட்டா?"

அந்தப் பெண் சுளித்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். சுளித்த முகங்களை ஐம்பது வருஷமாகப் பார்த்தவருக்கு இன்னொரு முகத்தைச் சோதித்துப் பார்க்கத் தெம்பு இல்லை. பொய்யின் மேல் பத்தியம் எழுதப்பட்டது. பெரியம்மா அதைச் சத்தியம்போலக் காப்பாற்றினார். 'சுகருக்குக் கறியே ஆவாது' என்று மாட்டுக்கறியை விட்டார், கருவாட்டை விட்டார். காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மதியம் ரசம் விட்ட சோறு, ராத்திரி சப்பாத்தி. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் 9 என்றிருந்தது நாலு வருஷத்தில் 11 ஆனது. பிறகு காலில் புண், ஒரு விரல் போனது.

மாட்டுக்கறி தின்றிருந்தால் விரல் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. செருப்பில்லாத கால், தாமதமாகப் பார்த்த புண், கூலி போய்விடுமே என்று தள்ளிப்போட்ட வைத்தியம் எல்லாம் அதில் இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: தன் தட்டில் இருப்பதை டாக்டரிடம் சொல்ல முடியாத நோயாளிக்கு எந்த டாக்டரும் வைத்தியம் பார்க்க முடியாது. தீட்டு நோயாளியின் நாக்கைக் கட்டிப்போட்டு விட்டது.

•

இப்போது தட்டுக்கு வருவோம். சர்க்கரையை ஏற்றுவது மாவுச்சத்து. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமையும் கேழ்வரகும் எழுபதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இட்லியை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போகிற கதை. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். நம் கூழும் களியும் பாக்கெட்டில் ஏறி, அரிசியைவிட விலை கூடித் திரும்பி வந்தன. ஆனால் 2025 ஆய்வு பட்டென்று சொல்லிவிட்டது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றுவதால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் புரதத்தை வைத்தால் குறைகிறது.

அப்படியானால் மாவுச்சத்து இல்லாத சாப்பாடு எது? 'பேலியோ' என்று பெயர் வைத்து நூறு பாதாம், பனீர், நெய் என்று ஒரு பட்டியல் நகரத்தில் ஓடுகிறது. கூலிக்காரிக்குப் பாதாமா? நம் ஆட்களைக் கேட்டால் பட்டியல் தானாக வரும். மாட்டுக்கறியில் மாவுச்சத்து கிடையாது. விலை ஆட்டுக்கறியில் பாதிக்கும் கீழே. நெத்திலிக் கருவாடு, சென்னாக்குன்னி, மத்தி மீன், வயல் நண்டு, முட்டை எல்லாமே ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்கு மாவுச்சத்து குறைந்தவை. அவித்த வேர்க்கடலை உண்டு. வரப்பில் பறித்த பண்ணைக்கீரை, வேலியில் ஒடித்த முருங்கைக்கீரை, கூரையில் படர்ந்த சுரைக்காய், பீர்க்கங்காய் உண்டு.

இவை மருந்துபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும் சமாச்சாரங்கள் இல்லை. கொழுப்பு கழித்த சதையைச் சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு அரைத்துப் போட்டுத் தண்ணீர் சுண்டச் சுண்ட வறுத்து, இறக்கும்போது முருங்கைக்கீரையை உருவிப்போட்டுக் கிளறினால் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கும். நத்தையை வேகவைத்து ஓட்டிலிருந்து எடுத்து, மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசி, மிளகுப் பொடியில் பிரட்டினால் பக்குவம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து உப்பைக் கழித்துவிட்டுக் கத்திரிக்காயோடு குழம்பு வைத்தால், குழம்பையே தட்டில் ஊற்றித் தின்னலாம். வாழைத்தண்டைப் பொடியாக அரிந்து இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் அது ஒரு வேளைச் சாப்பாடு. தேவைப்படுவது ஒரே ஒரு தலைகீழ் மாற்றம். மலைபோலச் சோற்றைக் குவித்துக் கறியைத் தொட்டுக்கொள்வது ஆண்டை நமக்குப் பழக்கியது. கறியை அவன் எடுத்துக்கொண்டு குழம்பை ஊற்றினான். தட்டு நிறையக் கறியும் கீரையும் வைத்து, ஒரு கரண்டிச் சோற்றைத் தொட்டுக்கொள்வோம்.

நான் டாக்டர் இல்லை. சிறுநீரகம் கெட்டவர்கள் புரதத்தை அளந்துதான் தின்ன வேண்டும். கருவாட்டு உப்பு ரத்தக் கொதிப்புக்காரருக்கு ஆகாது. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அளவை மாற்ற டாக்டரைக் கேட்டாக வேண்டும். ஆய்வு நல்லதென்று சொன்ன புரதங்களில் சிவப்பிறைச்சி இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். கொழுப்பைக் கழித்து அளவோடு தின்பது, மற்ற நாட்களில் மீன், முட்டை, பருப்பு என்று மாற்றிக்கொள்வது என்ற எச்சரிக்கை ஆட்டுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. விஞ்ஞானம் குறைத்துக்கொள் என்றால் குறைத்துக்கொள்வோம். தீட்டு சொன்னால் கேட்க மாட்டோம்.

•

தீட்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1922 ஜனவரி 11ஆம் தேதி டொரன்டோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. அதன்பிறகு அறுபது ஆண்டுகள், 1982இல் கிருமியை வைத்து மனித இன்சுலின் செய்து விற்பனைக்கு விடும்வரை, உலகத்துச் சர்க்கரை நோயாளிகளை உயிரோடு வைத்திருந்தது கசாப்புக்கடையிலிருந்து வந்த மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும்தான். அக்கிரகாரத்திலும் வேளாளர் தெருவிலும் அதைத்தான் குத்திக்கொண்டார்கள். வாய் வழியாகப் போனால் தீட்டு, தொடை வழியாகப் போனால் மருந்து!

அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவோடு போராடியவர். 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று நம் மக்களிடம் சொன்னார். அது இழிவை விடச் சொன்னது. அதைச் சைவத்துக்கு மாறச் சொன்னதாகத் திரிக்க முடியாது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில் பிரித்துப் போட்டவரும் அவர்தான். அந்த உறவு இன்னும் அறுபடவில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில், பிரியாணிக்குப் பேர்போன அந்த ஊரிலேயே, மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள்.

நம் வீட்டுக்குள்ளும் சில கணக்குகளைத் தீர்க்க வேண்டும். படித்து வேலைக்குப் போய் டவுனில் குடியேறியவர்கள், 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டிய வீட்டுக்காரனுக்குப் பயந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். பயம் பிறகு நாகரிகமாக மாறிவிட்டது. ஊரிலோ, கறித்துண்டுகள் ஆம்பளைக்கும் பிள்ளைக்கும். அடிச்சட்டிக் குழம்பும் மிஞ்சிய சோறும் பொம்பளைக்கு. சர்க்கரை வந்தவளுக்கும் அதே சோறு. மாட்டுக்கறி எங்கள் பண்பாடு என்று மேடையில் முழங்கும் தோழர்கள், அந்தப் பண்பாட்டில் எத்தனை துண்டு அம்மாவின் தட்டில் விழுந்தது என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ரேஷனில் அரிசியோடு முட்டை வேண்டும், பருப்பு இரண்டு மடங்காக வேண்டும், நிலக்கடலை வேண்டும். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாவைச் சுற்றியே வருகிறார்கள். மதியம் தரும் முட்டை காலையிலும் வர வேண்டும். ஆஸ்பத்திரி உணவுத் தாளில் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, கருவாடு, நத்தை ஆகியவை பெயரோடும் அளவோடும், ஆகும் ஆகாது என்ற காரணத்தோடும் அச்சாக வேண்டும். உணவு ஆலோசகர் படிப்பில் சேரிச் சமையல் பாடமாக வேண்டும்.

அதுவரைக்கும், சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கப் போகிற நம் பெண்கள் அந்த அறையில் உட்கார்ந்து, "கறி சாப்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டால், "மாட்டுக்கறி சாப்பிடுவேன். எவ்வளவு சாப்பிடலாம், சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் படித்துவிட்டு வந்து சொல்லட்டும்.