பிரிண்டரைத் திட்டாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு மானிட்டர் மீதோ கீ போர்டு மீதோ கோபம் வருவதில்லை. வருவதெல்லாம் பிரிண்டர் மீதுதான். திரையில் அழகாகத் தெரியும் கடிதம் தாளில் வர மறுக்கிறது. அல்லது வந்தும் படிக்க முடியவில்லை. உடனே "பிரிண்டர் போச்சு" என்று முடிவு கட்டி, புது கார்ட்ரிட்ஜ், பிறகு புது பிரிண்டர் என்று செலவு ஓடுகிறது. இந்தச் செலவில் பெரும்பகுதி தேவையற்றது என்பது என் கருத்து.

சின்னாளப்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தறியில் துணி சரியாக விழவில்லை என்றால் தறியைத் தூக்கி எறிவதில்லை. பாவில் இழை அறுந்ததா, நாடாவில் நூல் தீர்ந்ததா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அச்சிடுவதும் அப்படித்தான். டாகுமெண்ட், எழுத்துரு, டிரைவர், வரிசை, கேபிள், மை, தாள் என்று ஏழெட்டு இடங்களைக் கடந்துதான் எழுத்து தாளுக்கு வருகிறது. எந்த இடத்தில் இழை அறுந்தது என்று கண்டுபிடிப்பதே வேலை.

மூன்று சோதனைகள்

முதலில், கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் பிரிண்டரையே ஒரு சோதனைப் பக்கம் அச்சிடச் சொல்லுங்கள். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அது சரியாக வந்தால் மையும் தாளும் நலம். அடுத்து, விண்டோஸில் பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸ் பகுதிக்குச் சென்று "பிரிண்ட் டெஸ்ட் பேஜ்" கிளிக் செய்யுங்கள். அதுவும் வந்தால் கேபிளும் டிரைவரும் நலம். அப்படியானால் குறை உங்கள் டாகுமெண்டில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனைக்கு முன் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது சோதனையில் எதுவும் வரவில்லை என்றால் இவற்றைப் பாருங்கள். "யூஸ் பிரிண்டர் ஆப்லைன்" என்பதில் டிக் அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரைத் தானாகவே டீபால்ட் ஆக்கும் வசதி உண்டு. நேற்று நீங்கள் பி.டி.எப். உருவாக்கியிருந்தால், இன்று உங்கள் கடிதமும் தாளுக்குப் போகாமல் பி.டி.எப். ஆகப் போய்விடும். பழைய வேலை ஒன்று வரிசையில் சிக்கியிருந்தால், சர்வீசஸ் விண்டோவில் "பிரிண்ட் ஸ்பூலர்" என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் வழி திறந்துவிடும். தாளின் அளவையும் கவனியுங்கள். அமெரிக்க "லெட்டர்" தாள் 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் ஏ4 தாள் 210க்கு 297. டாகுமெண்டில் லெட்டர் என்று இருந்தால், தட்டில் ஏ4 வைத்திருக்கும் பிரிண்டர் "தாள் போடு" என்று கேட்டுக்கொண்டு நிற்கலாம்.

குறை எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு லினக்ஸ் உலகில் ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. உபுண்டு பயன்படுத்திய ஒருவர், ஓப்பன் ஆபீஸ் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சிட மறுக்கிறது என்று 2009ல் தெரிவித்தார். சிரிக்கத் தோன்றும், ஆனால் உண்மை. அச்சுக்குப் போகும் பைலில் அன்றைய தேதியும் கிழமையும் இருந்தன. பைலின் வகையைக் கண்டறியும் சிறு புரோகிராம், செவ்வாயைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து அதை வேறு வகைப் பைல் என்று நினைத்துவிட்டது. பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை.

தமிழுக்கு வரும் தனிச் சிக்கல்

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது தமிழ் டாகுமெண்டில்தான். வீட்டில் தட்டிய மனுவையோ, சுங்குடிச் சேலை விலைப் பட்டியலையோ, கல்யாணப் பத்திரிகையையோ பென் டிரைவில் கடைக்கு எடுத்துச் செல்கிறோம். அங்கே திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. "பைல் கெட்டுப்போச்சு, மறுபடி டைப் செய்யணும்" என்கிறார் கடைக்காரர். டைப் செய்ய ஒரு கட்டணம். புதிதாக நுழையும் எழுத்துப் பிழைகள் இலவசம். மனுவில் சர்வே எண்ணோ பெயரோ மாறிவிட்டால் அலைவது நாம்தான்.

உண்மையில் பைல் கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் "அம்மா" என்று தட்டினால் பைலில் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த ஐந்தும் அப்படியே தெரியும். பாமினிக்கு ஒரு முறை, வானவில்லுக்கு வேறு முறை என்று ஒவ்வொன்றும் தனித்தனி. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற பொது முறைகள் வந்தும் குழப்பம் தீரவில்லை. யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் 1991லேயே உண்டு. விண்டோஸ் 2000ல் லதா எழுத்துருவுடன் அது நம் திரைக்கும் வந்தது. 2010ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் பல கடைகளில் பழைய எழுத்துருவே ஓடுகிறது.

கடைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர்கள் பழகிய பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழைக் கையாளாது. 2001ல் வந்த 7.0க்குப் பின் அதற்குப் பெரிய பதிப்பே இல்லை. பத்திரிகைக்கு வேண்டிய அலங்கார எழுத்துகள் பழைய முறையில்தான் அவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. அந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தட்டும். ஆனால் மனுவுக்கும் பில்லுக்கும் புராஜக்ட் ரிப்போர்ட்டுக்கும் அதைக் கட்டாயமாக்குவது நியாயமில்லை. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற புரோகிராம்கள் இருக்கின்றன. எனவே "மறுபடி டைப்" என்ற பேச்சை உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

யூனிகோடில் தட்டினால் மட்டும் போதுமா? எழுத்து மாறாது; தோற்றம் மாறலாம். லதா எழுத்துரு விண்டோஸ் 10 முதல் எல்லா கம்ப்யூட்டரிலும் தானாக இருப்பதில்லை. தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற தனித் தொகுப்பில் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் வேறு எழுத்துரு வந்து உட்காரும். வரிகள் நகரும், ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும்.

இதற்கு ஒரே வழி, கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பி.டி.எப். ஆக மாற்றிவிடுவது. வேர்டில் "சேவ் ஆஸ்" சென்று பி.டி.எப். தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்துருவும் பைலுக்குள்ளேயே சேர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் அடோப் ரீடரில் திறந்து, பிராப்பர்ட்டீஸ் பகுதியில் "பாண்ட்ஸ்" டேபைப் பாருங்கள். எழுத்துருவின் பெயருக்கு அருகில் "எம்பெட்டட்" என்று இருந்தால் பயமில்லாமல் கிளம்பலாம். திருத்தம் தேவைப்பட்டால் உதவும் என்பதால் வேர்டு பைலையும் பென் டிரைவில் கூடவே வைத்திருங்கள்.

பிரிண்டர் விற்பவர்கள் மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டியது நாம்தான். புது கம்ப்யூட்டர் வீட்டுக்கு வரும் அன்றே யூனிகோட் தமிழ் கீ போர்டைச் செயல்படுத்தி, ஒரு பக்கம் தமிழில் தட்டி, அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது சரியாக வந்த பிறகு பணம் கொடுங்கள்.