பதிவேட்டில் ஒரு வரி

விபத்தில் காயமுற்ற ஓட்டுநர் ஒருவரை நள்ளிரவுக்குப் பின் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரும் உறவினர்கள் இரண்டு கேள்விகளுடன் வருவர். உயிருக்கு ஆபத்து உண்டா என்பது ஒன்று. மற்றொன்று, எங்களைச் சற்றே தள்ளி அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுவது: "குடிச்சிருந்தான்னு மட்டும் எழுதிடாதீங்க டாக்டர்." கேட்பவர் பெரும்பாலும் தாயோ மனைவியோ ஆவார். அவர்மீது எங்களுக்குச் சினம் எழுவதில்லை. ஆயினும் அவ்வரியை நாங்கள் எழுதவே செய்கிறோம். காரணத்தைப் படுக்கையருகே நின்று விளக்க நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே இங்கு விளக்குகிறோம்.

அவர்களது அச்சம் பொய்யன்று. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறையெனில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எவரேனும் உயிரிழந்துவிட்டாலோ நிலைமை வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு அமைந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்ததாக அமைந்தால், 105ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை. 2006இல் மும்பை பாந்திராவில், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மீது கார் ஏறி ஏழு பேர் இறந்தனர். அவ்வழக்கில், பழைய தண்டனைச் சட்டத்தின்கீழ் இந்த இரண்டாவது வகைக் குற்றத்தையே 2012இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. இவ்விரு பிரிவுகளுக்கும் இடைப்பட்ட தூரம்தான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம். அத்தூரத்தை வாதிட வேண்டிய இடம் நீதிமன்றம்; வாதிட வேண்டியவர் வழக்கறிஞர். மருத்துவரின் பேனா அன்று.

2024ஆம் ஆண்டு மே மாதம் புனேயில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருவர் உயிரிழந்த கார் விபத்தில், ஓட்டியவரின் இரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு மருத்துவர்களும், உடன் பெற்றோரும் கைதாயினர். ஒரு வழக்கு பல வழக்குகளாகப் பெருகியது.

உண்மையான பதிவேடு ஓட்டுநருக்கு எதிரான ஆவணம் மட்டுமே என்று கருதுவதும் தவறு. வாயில் மணம் இருந்தது என்பது எவ்வளவு அருந்தினார் என்பதைக் கூறாது. தலைக்காயமும், இரத்தத்தில் சர்க்கரை குறைதலும் குடிபோதையைப் போலவே நாக்குழறலையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும். ஆகவே மணம், பேச்சு, நடை, கண்மணி ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுகிறோம். மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்கிறோம். ஊசி ஏற்றும் இடத்தை ஸ்பிரிட் கொண்டு துடைப்பதில்லை. எங்கள் ஆய்வகம் சீரத்தில் காணும் அளவு, முழு இரத்தத்தில் காணும் அளவைவிடச் சற்று மிகுதியாகவே இருக்கும். இவை ஒவ்வொன்றையும் ஒரு நல்ல வழக்கறிஞர் வினவலாம், வினவட்டும். கூண்டில் நின்று விடையளிப்பதும் எங்கள் பணியே. நாங்கள் எதையும் எழுதாமல் விட்டிருந்தால் அவர் எதைக்கொண்டு வினவுவார்?

உள்நோயாளியிடம் மூச்சோ இரத்தமோ கேட்கும் காவலர், சிகிச்சையளிக்கும் மருத்துவருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும். அது சிகிச்சைக்குக் கேடாகும் எனில் மருத்துவர் மறுக்கலாம். இதனை அறிந்த சிலர் "கேடாகும் என்று எழுதித் தாருங்கள்" என்கின்றனர். கேடு இருந்தால் மட்டுமே எழுதுவோம். தக்க காரணமின்றி நோயாளியே மறுத்தால், அம்மறுப்பு அவருக்கு எதிராகவே கொள்ளப்படலாம் என்பதையும் அறிக.

எங்களிடம் மறைப்பதில் வேறோர் அபாயமும் உண்டு. எங்களுக்கு அதுவே பெரிது. நாள்தோறும் அருந்துபவர் திடீரென நிறுத்தப்பட்டால், இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கமும் மனக்குழப்பமும் வலிப்பும் வரக்கூடும்; உயிரையும் பறிக்கும். காலில் எலும்பு முறிந்தவர் குடியை மறைத்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றதை நாங்கள் கண்டிருக்கிறோம். எவ்வளவு, எத்தனை ஆண்டு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

வழக்கறிஞரை நாடுவது குற்றத்தை ஒப்புவதாகாது; வெட்கமும் வேண்டா. அது அரசமைப்பின் 22ஆம் உறுப்பு அளிக்கும் உரிமை. வாசலில் தாமாகவே வந்து பேசும் இடைத்தரகரிடம் கையொப்பமிடாதீர்கள். வசதியற்றோருக்கும், வருமானம் எதுவாயினும் காவலில் உள்ளோருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அளிக்கும்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வழக்கறிஞரிடம் முழு உண்மையையும் கூறுங்கள். நீங்கள் கூறியதை அவர் வெளியிடச் சட்டம் இடந்தராது.

சில மாதங்களுக்கு முன், அவ்வாறு கேட்ட தாயிடம் இயலாது என்று கூறிவிட்டு வெளியே வந்தோம். வராந்தாவின் மறுகோடியில் ஒரு முதியவர் நின்றிருந்தார். அதே வாகனம் மோதியதில் அவர் மகன் அறுவை அரங்கில் இருந்தான். "அந்தத் தம்பியைப் பத்தி என்ன எழுதினீங்க?" என்றார். வேறொரு நோயாளியின் பதிவை அவரிடம் கூற எங்களுக்கு உரிமையில்லை. கண்டதை எழுதியிருக்கிறோம் என்று மட்டும் கூறினோம். அவர் தலையசைத்துவிட்டு மீண்டும் அரங்கின் கதவைப் பார்க்கலானார்.