மெலிந்த உடம்பை நம்பாதீர்கள்

மாத்தளை உறவுகளுக்கு,

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் நான். இப்போது லண்டனில் இருக்கிறேன். போன வருஷம் டாக்டர் எனக்குச் சீனி வியாதி என்றார். என் எடை 61 கிலோ. மலையேறி இறங்குகிற நம்ம ஆட்களுக்கு அது வராது, டவுன் முதலாளிமாருக்குத்தான் வரும் என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள்? அந்த நம்பிக்கை தவறு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படமொன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றுதான், 22.3. உடம்பிலுள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் உடம்புக்குள் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கிறது.

இது கருவிலேயே தொடங்குகிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. புனேயில் பிறந்த பிள்ளைகளையும் இங்கிலாந்துப் பிள்ளைகளையும் யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் எடை குறைந்து, சதை குறைந்து பிறக்கின்றன. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. தாய்க்குச் சரியான சாப்பாடு கிடைக்காத வயிற்றில் வளர்ந்த உடம்பு, பின்னாளில் சீனியைத் தாங்காது என்று பார்க்கரும் ஹேல்ஸும் 1992இலேயே எழுதினார்கள். நிறைமாதம் நெருங்கும்வரை கொழுந்துக் கூடை சுமந்த நம் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். 2016 கணக்கெடுப்பில், பெருந்தோட்டத்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அவர்களுக்கு முன்னே அப்படிப் பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது கொழும்புக் கடைகளில் நாளெல்லாம் நிற்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள். மலை ஏறுவது நின்றுவிட்டது. மாவும் சீனியும் நிற்கவில்லை.

2005–06இல் இலங்கைப் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த வியாதி இருந்தது. அவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 2018–19இல் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வியாதி.

தேங்காய் ரொட்டியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிடைக்கிற சம்பளத்துக்குக் கோதுமை மாவுதான் கட்டுப்படியாகும். ஆனால் ஒரு ரொட்டியைக் குறைத்து, பருப்பும் லயத்துப் பின்னால் முளைக்கும் கீரையும் கூட்டலாம். பிளேன்டீயைக் கணக்குப் பாருங்கள்: நாளுக்கு நாலு கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் ஏறக்குறைய 50 கிராம் சீனி. ஒரு நாளுக்கு அதற்குமேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை அந்தத் தேநீரிலேயே முடிந்துவிடுகிறது. மாத்திரையில்லாமல் தடுக்கவும் முடியும். சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் வாசலில் நின்ற 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சாப்பாட்டைத் திருத்தி நடக்கவைத்ததில் மூன்று வருஷத்தில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது.

தராசை விட்டுவிட்டு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தொட்டவர்களும், 35 வயதைக் கடந்தவர்களும், பிள்ளைத்தாய்ச்சிகளும் கிளினிக்கில் இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

முத்துமாரியம்மன் கோவில் நிர்வாகத்தாரிடமும் தண்ணீர்ப்பந்தல் போடும் தம்பிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். வருகிற மாசிமகத்தில் ஐந்து தேரும் வீதிக்கு வரும்போது, சர்பத்துக்குப் பதிலாக மோர் ஊற்றுங்கள். அந்தச் செலவில் என் பங்கை நான் அனுப்புகிறேன்.

உங்கள் தோட்டத்துப் பிள்ளை