மூத்த கப்பலுக்கு விடைகொடுத்தல்

கடலைக் கண்ணெதிரே காணாத ஊர்கள் நம்முடையவை. விழுப்புரம் என்றால் இரயில் சந்திப்பு. திண்டிவனம் என்றால் பேருந்துகள் கூடிப் பிரியும் இடம். மரக்காணத்து உப்பளங்களுக்கு அப்பால்தான் நம் மாவட்டத்தின் கடல் தொடங்குகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் வாழும் நாம் வயதான பயணிகள் கப்பல்களைப் பற்றியும், அவற்றுக்குப் பின் வரப்போகும் கப்பல்களைப் பற்றியும் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் வினவலாம்.

காரணம் உண்டு. இன்றைய விழுப்புரம் மாவட்டம் அன்றைய தென்னார்க்காட்டின் ஒரு பகுதி. அந்தத் தென்னார்க்காட்டிலிருந்து மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் பல. தகரப் பெட்டியும் பாயுமாக இரயிலேறி, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறினார்கள். எனவே கப்பலின் கதை நம் பாட்டன் பாட்டியரின் கதையுமாகும். அதுமட்டுமன்று. உழைத்துத் தேய்ந்த ஒன்றை எப்படி அனுப்பிவைப்பது, அதன் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி கடலோர மக்களுக்கு மட்டும் உரியதன்று, எல்லோருக்கும் உரியது.

முதலில் 'இராஜுலா'வைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு 1926ஆம் ஆண்டு கடலில் இறங்கிய கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களைச் சுமந்தது. போர் முடிந்ததும் மீண்டும் நம் மக்களைச் சுமந்தது. அறையெடுத்துச் சென்றவர்கள் சிலரே. மற்றவர்களெல்லாம் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது என்றால், அந்த நெரிசலை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். 1970களின் தொடக்கத்தில் அது ஓய்வு பெற்றது, 1974இல் உடைக்கப்பட்டது.

அதன் இடத்துக்கு வந்தது 'சிதம்பரம்'. 1966இல் பிரான்சு நாட்டில் 'பஸ்தேர்' என்ற பெயருடன் கட்டப்பட்ட இக்கப்பலை இந்தியக் கப்பல் கழகம் வாங்கிப் பெயர் மாற்றி, அதே வழித்தடத்தில் ஓட்டியது. இராஜுலாவைப்போல் இரு மடங்கு பெரியது. ஏழைப் பயணிக்கும் பாய்க்குப் பதில் அடுக்குப் படுக்கை கிடைத்தது. நல்ல மாற்று என்று சொல்லத்தக்க மாற்று அது. ஆனால் 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், நடுக்கடலில் அதில் தீப்பற்றியது. உயிர்கள் பல மாண்டன. கப்பலும் உடைப்பதற்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அந்த வழித்தடத்தில் நிலையாக ஓடும் பயணிகள் கப்பல் எதுவும் வரவில்லை.

இவ்விரு கப்பல்களின் வரலாற்றிலிருந்து நாம் கற்பது என்ன? இராஜுலா நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடி அமைதியாக ஓய்வு பெற்றது. சிதம்பரமோ பத்தொன்பதாம் வயதிலேயே முடிந்தது. ஆகவே கப்பலின் வயதை நாட்காட்டியை மட்டும் வைத்துக் கணக்கிட முடியாது. உப்புநீர் இரும்பை அரிக்கிறது, தகடுகள் மெலிகின்றன, மின்கம்பிகளின் உறை உலர்ந்து வெடிக்கிறது, பழைய இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் கிடைப்பதில்லை. இவற்றைக் கண்டறிவது பரிசோதனை ஒன்றே. டைட்டானிக் 1912இல் மூழ்கியதையடுத்து, 1914இல் உலக நாடுகள் கூடிக் கடலில் உயிர்களைக் காக்கும் உடன்படிக்கையை வகுத்தன. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கட்டிய பழைய பயணிகள் கப்பல்கள் பன்னாட்டுப் பயணங்களில் ஓடக்கூடாது என்ற விதி 2010 அக்டோபர் முதல் நாளன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மரப்பலகையால் இழைத்த அழகிய கப்பல்கள் பல அதனால் விடைபெற்றன. அழகு போயிற்றே என்று வருந்துவோர் உண்டு. உயிரைவிட அழகு பெரிதன்று என்பதே நம் கருத்து.

ஆனால் எல்லாக் கப்பல்களும் மூப்பினால் மட்டும் ஓய்வு பெறுவதில்லை. சில பணக் கணக்கினால் ஓய்வு பெறுகின்றன. 2020இல் கொள்ளைநோய் உலகை முடக்கியபோது உல்லாசக் கப்பல்கள் யாவும் நங்கூரமிட்டு நின்றன. நிற்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. எனவே கம்பெனிகள் பல கப்பல்களை உடைக்க விற்றன. நம் நாட்டிலும் ஒன்று நிகழ்ந்தது. 1990இல் இத்தாலியில் கட்டப்பட்டு, 2019இல் 'கர்ணிகா' என்ற பெயரில் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கிய கப்பல், மறு ஆண்டே குசராத்தின் ஆலங் கடற்கரையில் உடைபடப் போயிற்று. அதே 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட வேறொரு கப்பலோ, 'எம்பிரஸ்' என்ற பெயரில் 2022 ஜூனில் சென்னையிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் புறப்பட்டது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் ஒன்று இரும்புத் துண்டுகளாயிற்று. மற்றொன்று விளக்கலங்காரத்துடன் விழாக் கண்டது.

ஆலங்கில் கப்பல் உடைபடுவதைப் பற்றியும் நாம் அறிந்திருக்க வேண்டும். அங்கே கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. நீர் உச்சத்தில் ஏறும் நாளில் கப்பலை அதன் சொந்த இயந்திர வேகத்திலேயே கரையை நோக்கி ஓட்டி ஏற்றிவிடுவார்கள். நீர் வடிந்ததும் அது சேற்றில் நிற்கும். பிறகு தொழிலாளர்கள் எரிவாயுச் சுடரால் தகடு தகடாக வெட்டுவார்கள். 1983 முதல் நடந்துவரும் இவ்வேலையைச் செய்வோரில் பெரும்பாலோர் ஒரிசா, பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பழைய கப்பல்களில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கும். எண்ணெய்க் கசடு இருக்கும். எரிவாயு தங்கிய தொட்டிகள் இருக்கும். கப்பலிலிருந்து எடுத்த கட்டில், கதவு, தட்டு, நாற்காலி யாவும் சாலையோரக் கடைகளில் விலை போகின்றன. எதுவும் வீணாவதில்லை என்பது பாராட்டத்தக்கதே. ஆனால் பொருளை வீணாக்காத இடத்தில் மனித உயிர் வீணாகலாமா?

இந்தியா 2019இல் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் இயற்றியது. 2009இல் ஹாங்காங்கில் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையும் 2025 ஜூன் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்துள்ளது. கப்பலில் உள்ள நச்சுப் பொருள்களின் பட்டியல் முன்னதாகவே தரப்படவேண்டும். உடைக்கும் தளம் அனுமதி பெற்றதாக இருக்கவேண்டும் என்பன அதன் விதிகள். பதினாறு ஆண்டுகள் காத்திருந்து வந்த நன்மை இது. ஏட்டில் நில்லாமல் சேற்றில் நிற்கும் தொழிலாளியின் கையுறையாகவும் முகமூடியாகவும் அது மாற வேண்டும்.

இனி, புதிதாக வருகின்ற கப்பல்களைப் பார்ப்போம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சுமார் 2,48,000 டன் கொள்ளளவு கொண்டது. (இங்கே டன் என்பது எடையன்று, கப்பலின் உள்ளிடத்தை அளக்கும் கணக்கு.) ஏறத்தாழ முப்பது இராஜுலாக்களை அதற்குள் அடக்கலாம். ஆனால் அதில் ஏறும் பயணிகள், மிகுதியாகப் போனால், ஏழாயிரத்து அறுநூறு பேர். இராஜுலாவின் தளத்தில் படுத்தவர்களோ ஐயாயிரம் பேர்! முப்பது மடங்கு இடத்தில் ஒன்றரை மடங்கு மக்கள். இந்தக் கணக்கு ஒன்றே போதும். அன்று ஏழைக்கு எவ்வளவு குறைந்த இடம் கொடுத்தார்கள் என்பதும், இன்று செல்வருக்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள் என்பதும் ஒருங்கே விளங்கும்.

புதிய கப்பல்களில் திரவ இயற்கை எரிவாயுவைப் பயன்படுத்துகிறார்கள். புகைக்கரியும் கந்தகமும் அதனால் வெகுவாகக் குறைகின்றன. எரியாமல் தப்பும் மீத்தேன் பூமியைச் சூடாக்கும் என்பதும் உண்மை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' திருமடல், படைப்பைப் பேணுவதையும் ஏழையைப் பேணுவதையும் ஒரே கடமையாகக் காட்டியது. கப்பலுக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். எவ்வளவு பெரிது, எவ்வளவு புதிது என்று மட்டும் கேட்டால் போதாது. எதை எரிக்கிறது, யாரை ஏற்றுகிறது என்றும் கேட்க வேண்டும்.

உல்லாசப் பயணம் தவறு என்று நாம் சொல்லவில்லை. உழைத்தவருக்கு ஓய்வு வேண்டும். அக்கப்பல்களில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் இந்தியரும் அநேகர். ஆனால் இராஜுலாவின் உண்மையான வாரிசு உல்லாசக் கப்பலன்று. வேறு வழியில்லாமல் கடல் கடக்கும் மக்களை ஏற்றுகிற கப்பலே அதன் வாரிசு. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஓடும் அரசுக் கப்பல்கள் அத்தகையவை. உள்நாட்டுப் போரால் 1980களில் அறுந்துபோன இலங்கைக் கடல்வழி, 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'செரியபாணி' என்ற சிறு கப்பலால் மீண்டும் திறந்தது. சில நாள்களிலேயே மழைக்காலம் காரணமாக நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் அதே வழியில் புறப்பட்டது. சிறிய கப்பல்தான். ஆயினும் பிரிந்த உறவுகளைச் சேர்க்கும் கப்பல் சிறியதாகுமோ?

"இத்தகைய கப்பல்களால் நட்டமே; யார் ஈடு செய்வது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். அரசின் பணம் மக்களின் பணமன்றோ? ஆனால் 2021 முதல் தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. அந்தச் செலவை அரசு ஏற்கிறது. அதனால் வேலைக்குப் போகும் தாயும் பள்ளிக்கு வரும் மகளும் பெற்ற பயனை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். தரையில் பொருந்தும் நியாயம் தண்ணீரிலும் பொருந்தத்தானே வேண்டும்?

ஆகவே நம் கருத்தைச் சுருங்கச் சொல்கிறோம். கப்பல் மூப்படைந்தால், விபத்து வந்து சொல்லும்வரை காத்திராமல் பரிசோதனை சொல்லும்போதே ஓய்வு கொடுக்க வேண்டும். அதை உடைக்கும் கைகளைக் காக்க வேண்டும். பழையது நிற்பதற்கு முன்பே புதியதற்கு வேலை தொடங்க வேண்டும். ஏனெனில் ஒரு கப்பலைக் கட்டி முடிக்க ஆண்டுகள் பல ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய கப்பலுக்கு விடைகொடுப்பது, அதில் ஏறிச் சென்ற மக்களுக்கு விடைகொடுப்பதாக ஆகிவிடக் கூடாது.

வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் அன்னையை வேண்டிக் கரை சேர்ந்து, நன்றிக்கடனாக அங்கே கோவில் எழுப்பினார்கள் என்பது மரபு. அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் இன்றும் அங்குப் பீடத்தை அணிசெய்கின்றன. கப்பல் மறைந்தது, அதன் தட்டும் நன்றியும் நிலைத்தன. இராஜுலா கட்டப்பட்ட அதே கிளாஸ்கோ நகரில்தான் 1920இல் கடல் தொழிலாளருக்கான கத்தோலிக்கத் திருப்பணி தொடங்கியது. இன்று அதன் பெயர் 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது 'கடலின் விண்மீன்'. கப்பலைக் காட்டிலும் கப்பலில் இருப்போரே பெரியவர் என்பதைத் திருச்சபை அப்பணியால் நாளும் உணர்த்துகிறது.

மாணவத் தோழியரே, நாளைய கப்பல்களைக் கட்டுவதும் பரிசோதிப்பதும் ஆண்களின் வேலை என்று எண்ணவேண்டாம். 2001இல் சோனாலி பானர்ஜி இந்தியாவின் முதல் பெண் கப்பல் பொறியாளரானார். 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நமக்கு அருகே சென்னையிலேயே இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் வெறும் தேர்வுக்காக மட்டுமல்ல. ஒரு தகடு எவ்வளவு மெலிந்தால் கப்பலை நிறுத்தவேண்டும் என்று துணிந்து கையெழுத்திடும் பொறுப்பு நம்மில் ஒருத்திக்கு வரக்கூடும். அன்று அவள், அக்கப்பலில் பாயும் பெட்டியுமாக ஏறப்போகிறவர்களை மனத்தில் வைத்துக் கையெழுத்திடுவாளாக!