சிறுதேரும் சில்லுப் பொறியும்

வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் கரையேறிக் கிடக்கும் படகைச் சுட்டி, அதன் முன்புறத்திற்கு என்ன பெயர் என்று மீனவச் சிறுவன் எவனைக் கேட்டாலும் ‘அணியம்’ என்று தயங்காமல் விடை வரும். ‘கொண்டல்’ எங்கிருந்து வீசும் என்றால் கிழக்கே கடலைக் காட்டுவான். ‘வாடை’ என்றால் வடக்கே கை நீட்டுவான். எந்தப் பள்ளியும் இச்சொற்களை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தம் கையால் செய்த பொருளுக்குத் தம் வாயால் பெயரிட்ட முன்னோர் விட்டுச் சென்ற உடைமை அது. அவர்கள் கட்டிய கட்டுமரத்தைக் கண்ட மேலையர் அதற்குத் தம் மொழியில் பெயர் தேடிக் கொண்டிருக்கவில்லை. தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டு போயினர். ஆங்கில அகரமுதலியிலும் பிரெஞ்சு அகரமுதலியிலும் அச்சொல் சற்றே உருத்திரிந்து இன்றும் நிற்கிறது.

அதே நகரின் தென்பகுதியில் தொடர்வண்டி நிலையம் இருக்கிறது. 1879-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் விழுப்புரத்திற்கும் புதுவைக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. ஒரு மீட்டர் அகலப் பாதை. தொலைவு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். ஒரு முனை ஆங்கிலர் ஆட்சியில், மறுமுனை பிரெஞ்சியர் ஆட்சியில். பாதை போட்ட தோளும் கரி அள்ளிய கையும் தமிழனுடையவை. பல தலைமுறையாக நீராவிப் பொறி மூச்செறிந்து வந்த ஊர் அது. ஆயினும் அப்பொறியின் ஓர் உறுப்புக்கேனும் தமிழ்ப்பெயர் கேட்டால், படகுக்கு விடை சொன்ன அதே சிறுவன் விழிப்பான். சிறுவனை நோவதில் பொருளில்லை. படகு அவன் வீட்டில் பிறந்தது. பொறியோ பெயரோடு இறக்குமதியாயிற்று.

அந்த நிலை இன்று விளையாட்டுப் பொருள் வரைக்கும் வந்துவிட்டது. நீராவிப் பொறியின் சிறுவடிவைச் செய்து, மேசைமேல் பாதை அமைத்து ஓட்டி மகிழ்வோர் மேலை நாடுகளில் பெருந்தொகையினர். உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காகச் செய்யப்பெறும் வண்டியே அவருள் மிகப் பலர் விரும்புவது. முன்னெல்லாம் தண்டவாளத்தில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து அதனை விரைவாகவும் மெதுவாகவும் ஓட்டினர். ஒரே பாதையில் இரண்டு பொறிகள் நின்றால் இரண்டும் ஒன்றாகவே ஓடும்; ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டவேண்டுமாயின் பாதையையே மின் துண்டங்களாகப் பிரித்தாக வேண்டும். 1985-இல் செருமனியின் மார்க்கிலின் நிறுவனம் எண்முறைக் கட்டுப்பாட்டைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1990-களில் அமெரிக்கச் சிறுவண்டி ஆர்வலர் கழகம் இத்தகைய ஒரு முறையைப் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது.

அதன் இயக்கம் வியப்புக்குரியதே. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அது நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறிக்கொண்டே இருக்கும். திசைமாற்றத்தின் கால அளவில்தான் ஆணை மறைந்திருக்கிறது. குறுகிய துடிப்பு ஒன்று என்னும் எண். நீண்ட துடிப்பு சுழி. பொறியின் வயிற்றுக்குள் விரல்நகம் அளவான சில்லு ஒன்று அமர்ந்து இவ்வெண்களைப் படிக்கிறது. ஒவ்வொரு பொறிக்கும் தனி முகவரி எண் உண்டு. தன் எண்ணுக்கு வந்த ஆணைக்கு மட்டுமே அது பணியும். மற்றவற்றைக் கேட்டும் கேளாததுபோல் கிடக்கும். ஆதலின் ஒரே பாதையில் ஒன்று ஏற, ஒன்று இறங்க, ஒன்று நின்று புகைவிட முடிகிறது. புகைகூட உண்டு, எண்ணெயைச் சுடவைத்து எழுப்புவது. உருளியின் சுழற்சிக்கு ஏற்ப மூச்சொலியும், ஊதலும், கரி அள்ளும் ஓசையும் சில்லுக்குள் பதிவாகி இருக்கின்றன. இரண்டு உருளைப் பொறியாயின் உருளி ஒருமுறை சுழல நான்கு மூச்சு வரவேண்டும். அக்கணக்குப் பிழைத்தால் ஆர்வலர் பொறுப்பதில்லை.

இவ்வளவு நுட்பத்தையும் இகழ்வதற்கில்லை. வினா வேறு. அச்சில்லுக்குள் இருப்பது எவருடைய பொறியின் குரல்? கடைகளில் நிற்பவற்றுள் செருமானியப் பொறியும் ஆங்கிலப் பொறியும் அமெரிக்கப் பொறியுமே பெரும்பான்மை. அவற்றை வாங்கும் தமிழன் வீட்டுப் பிள்ளை, தன் பாட்டன் கேட்டிராத ஊதலைக் கேட்டு, தன் பாட்டி சொல்லியிராத சொற்களால் பொத்தான்களை அழுத்துகிறான்.

தமிழரின் நீராவிப் பொறி ஊமையாகிவிடவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நோக்கி ஏறும் நீலமலைப் பாதையில் அது இன்றும் முழங்குகிறது. பன்னிரண்டு அடி செல்ல ஓரடி உயரும் ஏற்றம். வழுக்காமல் ஏறுதற்கு நடுவே பற்சட்டம். சுவிசு நாட்டு வின்டர்தூரில் முதலில் செய்யப்பெற்ற அப்பொறிக்கு நான்கு உருளைகள். ஓரிணை தண்டவாளத்தில் உருளும் உருளிகளை இயக்கும். மற்றோரிணை, முதலிணையில் உழைத்து வெளியேறிய அதே நீராவியை வாங்கிப் பல்லுருளியை இயக்கும். இரண்டும் ஒரே விரைவில் சுழல்வதில்லை. ஆதலின் அதன் மூச்சு இரட்டைத் தாளமாய் ஒன்றையொன்று முந்தியும் பிந்தியும் கேட்கும். சமநிலத்தில் ஓடும் செருமானியப் பொறியின் பதிவை அதற்குப் பொருத்துவது, நாயனக்காரன் கையில் வேறெதையோ கொடுத்துவிட்டுக் கல்யாணியைக் கேட்பது போன்றது. அப்பாதை 2005-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. அதற்கான பொறிகளைத் திருச்சிப் பொன்மலைப் பணிமனையே 2011 முதல் புதிதாகக் கட்டித் தந்திருக்கிறது. மெய்ப்பொறியைக் கட்டும் திறம் தமிழ்நாட்டில் இருக்க, அதன் சிறுவடிவுக்கு மட்டும் அயலாரை நோக்கி நிற்பானேன்?

‘பொம்மைக்குப் போய்த் தமிழா?’ என்று நகைப்பார் உளர். அவர்க்குப் பட்டினப்பாலையைக் காட்டலாம். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரைப் பாக்கத்தில், காயும் நெல்லைக் கொத்தவந்த கோழிமேல் மகளிர் எறிந்த பொற்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேரின் வழியை மறித்துக் கிடந்ததாம். பகை என ஒன்றிருந்தால் அவ்வூர்க்கு அதுவே பகை என்கிறார் புலவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழிலோ ஒரு முழுப் பருவமே சிறுதேருக்கு உரியது. விளையாட்டுத் தேருக்கு இலக்கியத்தில் இடம் கொடுத்த இனம் உலகில் எத்தனை? குழந்தை முதலில் பெயரிடக் கற்பது விளையாட்டுப் பொருளைத்தான். நடைவண்டியைப் பிடித்து நடந்தவன் ‘நடைவண்டி’ என்றுதான் சொன்னான். அவனுக்கு அது இடர்ப்பாடாக இருந்ததில்லை.

சொற்களும் இல்லாமற் போகவில்லை. கொதிகலன், உருளை, உந்துதண்டு, புகைபோக்கி, ஊதல், நீர்த்தொட்டி: இவற்றுள் எது பிள்ளையின் நாவுக்கு வராதது? சில்லு என்பதும் பாண்டி ஆடிய சிறுமியர் அறிந்த சொல்லே. பொத்தானுக்கு அருகே இச்சொற்களை அச்சிடுதற்கு ஆகும் செலவு ஒட்டுத்தாள் ஒன்றின் விலை. இவையன்றிப் பணிமனைத் தொழிலாளர் தமக்குள் வழங்கிய சொற்கள் எத்தனையோ இருக்கும். அகரமுதலி தொகுப்போர் படகுத்துறையை நாடிய அளவுக்குப் பணிமனை வாயிலை நாடவில்லை. பொறியில் கரி அள்ளி ஓய்வு பெற்றோர் இன்று முதியவர்கள்.

மீட்டர் அகலப் பாதை 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும். பன்னிரண்டு மில்லிமீட்டர்ப் பாதை உலகச் சந்தையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. விழுப்புரம்–புதுவைப் பாதை இந்நூற்றாண்டில் அகலப்பாதையாகிவிட்டது. பழைய மீட்டர்ப் பாதையை இனி மேசைமேல்தான் காணலாம். புதுவைப் பள்ளிகளில் ஒன்றேனும் தன் அறிவியற் காட்சிக்கு அந்தப் பாதையை, சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் நிலையங்களோடு, தமிழ்ப் பெயர்ப்பலகையோடு செய்து வைக்கட்டும். ஊதலை மட்டும் குன்னூருக்குப் போய்ப் பதிந்து வரவேண்டியிருக்கும்.