காட்டுக்குக் காவல் யாரு?

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடிபடாதவர்கள் எங்கள் பெட்ச்சில் யாருமே இல்லை. மேலே போய், காற்றில் நின்று படம் எடுத்து, ஸ்டோரி போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவோம். அந்தக் காட்டோரத்தில் குடியிருக்கிறவர்களோடு ஒரு வார்த்தை பேசியிருப்போமா? இல்லை.

நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்டன் சமவெளியோடும் சிவனொளிபாதமலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமை ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முன்பு அங்கே ஏலக்காய் போட்டுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஏலம் பெரிய மரங்களின் நிழலில் வளர்வதால், தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருப்பதுபோலத் தெரியும். உள்ளே போனால்தான் விளங்கும்: நாளைக்கு மரமாக வேண்டிய கன்றுகளெல்லாம் ஏலத்துக்காகத் துப்புரவாக்கப்பட்டிருக்கும். காயை உலர்த்தும் விறகும் அதே காட்டிலிருந்துதான் வந்தது.

அதை நிறுத்தியது சரி. நிறுத்தப்பட்டவர்களோடு சேர்ந்து வேறு வழி தேடாததுதான் பிழை. தடைக்குப் பிறகும் களவாக ஏலம் தொடர்ந்தது. காட்டின் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையும் தெரிந்தவரைக் காவல்காரர் ஆக்காமல் கள்வர் ஆக்கிவிட்டோம்.

சட்டம் இருக்குத்தானே, பிறகென்ன என்று கேட்கலாம். 2001இல் ஒரு சுற்றறிக்கை 'எஞ்சிய காடுகளை' வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது. 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அதை ரத்துச் செய்து, பயிர்ச்செய்கைக்கும் அபிவிருத்திக்கும் வழிவிட்டு, அந்தக் காடுகளைப் பிரதேச செயலகங்களிடம் கொடுத்தது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு கடுதாசி தந்ததை இன்னொரு கடுதாசி எடுத்துவிடும், அவ்வளவுதான்.

கடல் தாண்டி மதுரைப் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அந்த அறிவிப்பு இருந்தும் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் அந்தப் பகுதி வந்தது. ஊர்க்காரர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மேலூரிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாகப் போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று இந்திய மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. அறிவிப்புப் பலகை மட்டும் இருந்திருந்தால் அந்த மலை தப்பியிருக்குமா?

இப்போது எங்கள் பக்கம் வருவோம். 'சமூகப் பங்களிப்பு' என்று எல்லாத் திட்டத்திலும் எழுதுகிறார்கள். மாத்தளையில் அந்தச் சமூகம் யாரு? காட்டோரக் கிராமம் சரி, லயம் அதுக்குள்ள வருமா?

எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். 1840ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் உறுதி இல்லாத காணியை முடிக்குரியது ஆக்கியது. அதில் இருந்த காடு கோப்பிக்காக விழுந்தது. கோடரி எங்கள் ஆட்களின் கையில் இருந்தது, காணி ஒருபோதும் இருக்கவில்லை. இன்றைக்கும் ஏழு பேர்ச்சுக்காகப் போராடுகிறவர்களிடம் போய் "காட்டைக் காப்பாற்றுங்க" என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் வெட்கப்பட வேண்டும்.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். லயத்துப் பீலியில் விழுகிற தண்ணி மேலே இருக்கிற காட்டிலிருந்துதான் வருகிறது. மேலே காடு போனால் முதலில் காய்வது எங்கள் குடம், முதலில் சரிவது எங்கள் கூரை.

அதனால் நாங்கள் கேட்பது மூன்றுதான். காட்டுப் பாதுகாப்புக் குழுக்களில் தோட்டத்து மக்களுக்கும் இடம் வேண்டும், கூட்டக்குறிப்பு தமிழிலும் வேண்டும். சுற்றுலாவில் வரும் காசில் ஒரு பங்கு காட்டோரத்து ஊர்களுக்கும் லயங்களுக்கும் போக வேண்டும். காட்டுக் காணியை வேறு தேவைக்கு மாற்றும் முன் அங்கே வாழ்கிறவர்களின் சம்மதம் வேண்டும். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டின் வனச் சட்டம் பயனாளர் குழுக்களிடமே காட்டைக் கொடுத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அடுத்த முறை ரிவர்ஸ்டன் போகும்போது இடையில் ஒரு லயத்தில் இறங்கிப் பேசலாமென்று முடிவெடுத்திருக்கிறோம். படம் பிறகு எடுக்கலாம்.