கரணை பிடிக்க ஆள் இல்லையா? கலவை சுமக்கும் சித்தாளைக் கேளுங்க!

சென்னை:

மனை வாங்கியாச்சு. பிளான் அப்ரூவல் வந்தாச்சு. பேங்க் லோனும் கைக்கு வந்தாச்சு. ஆனால் சுவர் மட்டும் எழும்பவில்லை. கேட்டால், "கொத்தனார் வரலை சார்" என்று ஒரே பதில்.

சென்னை புறநகரில் மேடவாக்கம் தொடங்கி பூந்தமல்லி, ஆவடி வரை சொந்தமாக வீடு கட்டும் யாரிடம் பேசினாலும் இந்தப் புலம்பல்தான். பூச்சு வேலைக்கு நாலு நாள் வந்தவர் ஐந்தாம் நாள் வேறு சைட்டுக்குத் தாவி விடுகிறார். அங்கே நூறு ரூபாய் கூடுதல். டைல்ஸ் போடுகிறவர் "அடுத்த வாரம்" என்றே ஒரு மாதத்தை ஓட்டி விடுகிறார். பிளம்பர் போனையே எடுப்பதில்லை.

கூலியும் எகிறி விட்டது. கை தேர்ந்த கொத்தனாரின் ஒரு நாள் சம்பளம் சென்னையில் ஆயிரம் ரூபாயைத் தாண்டி வெகு நாளாகிறது. டீ, வடை, பஸ் காசு தனி.

கடன் வாங்கிக் கட்டுகிறவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் "நூறு நாள் வேலையில உட்கார்ந்து பழகிட்டாங்க, அதான் எவனும் வர மாட்டேங்கிறான்" என்று டீக்கடையில் பேசுகிறார்களே, அந்தக் கணக்கு மட்டும் உதைக்கிறது.

2025-26ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். ஆயிரம் ரூபாய் வாங்கும் கொத்தனார் அதை விட்டுவிட்டு 336 ரூபாய்க்கு ஏரிக்கரையில் போய் உட்காருவாரா? அங்கே போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்களும் வயதானவர்களும்தான். (அந்தச் சட்டமே 2025 டிசம்பரில் மாறி விட்டது, அது வேறு கதை.)

கொத்தனார் எங்கே போனார்?

அப்படியானால் கொத்தனார்கள் எங்கே போனார்கள்? விசாரித்தால் கதை கேரளாவில் ஆரம்பிக்கிறது.

மலையாளிகள் வளைகுடா நாடுகளுக்குப் போனதும் அங்கே கட்டிட வேலைக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. 1980, 90களில் நம்ம ஊர் கொத்தனாரும் கையாளும் ரயில் ஏறிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்துக்குத்தான் பிறகு வடமாநிலத்தவர்கள் இங்கே வந்தார்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022-23 புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இந்த நடமாட்டம் புரியும். கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் (ஆண்) சராசரி தினக்கூலி கேரளாவில் 852 ரூபாய். தமிழ்நாட்டில் 500. அகில இந்திய சராசரி 393. மத்தியப் பிரதேசத்தில் வெறும் 278. கூலி எங்கே அதிகமோ அங்கே ஆள் நகர்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்று சென்னை அடுக்குமாடி சைட்களில் செங்கல் வைப்பவர் மேற்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத், மால்டாக்காரராக இருக்கலாம். பைப் பொருத்துகிறவர் ஒடிசாவின் கேந்திரபாராவில் இருந்து வந்திருக்கலாம். அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டை பகுதி பிளம்பர்களுக்குப் பெயர்போன ஊர். மார்பிள் என்றால் ராஜஸ்தான்காரர்.

ஆனால் இவர்களை நம்பியே காலம் தள்ள முடியாது. 2020 ஊரடங்கில் சிறப்பு ரயில் ரயிலாக ஊர் திரும்பினார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பீதியில் பலர் மூட்டை கட்டினார்கள். உண்மையைப் பார்க்க பீகாரில் இருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்துபோனது. ஒரு பொய் வீடியோவால் சைட்டே காலியாகிறது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி மகன் இன்ஜினீயர்

உள்ளூரில் புது ஆள் உருவாகவில்லை. மேஸ்திரி தன் மகனை கரணை பிடிக்க விடவில்லை, காலேஜுக்கு அனுப்பினார். இதில் தப்பு சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்காரர்களில் காலேஜ் சேர்க்கை தமிழ்நாட்டில் 100க்கு 47. அகில இந்திய அளவில் 28தான். வீட்டுக்கு வீடு பிள்ளைகளும் குறைந்து விட்டனர். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு சராசரியாக தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, பீகாரில் 3.

மரியாதையும் ஒரு பிரச்சினை. "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்ற கேள்விக்கு "கொத்து வேலை" என்று சொன்னால் பெண் வீட்டார் அடுத்த வீடு பார்க்கப் போய்விடுகிறார்கள். ஏ.சி. ரூமில் 15 ஆயிரம் வாங்குகிறவருக்கு இருக்கும் மவுசு இவருக்கு இல்லை.

ஆயிரம் ரூபாய் என்பதும் மாதம் முழுக்க இல்லை. மாசத்துக்கு 20 நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் போச்சு. பி.எப். கிடையாது. சிமெண்ட் தின்ற விரல், தேய்ந்த முழங்கால், சாரத்தில் இருந்து விழுந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். 2014 ஜூன் 28ந் தேதி மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை.

கத்துக்கொடுக்க நேரமில்லை

முன்பெல்லாம் ஒரு பையன் கையாளாகச் சேருவான். செங்கல் எடுத்துக் கொடுப்பான், கலவை போடுவான். கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரணையை எடுத்துப் பார்ப்பான். அஸ்திவாரத்தில், மண்ணுக்குள் மறையப்போகும் சுவரில், "சரி, நீ ரெண்டு வரிசை வைடா" என்று விடுவார்கள். கோணலாக வந்தால் உதை விழும். தூக்குக்குண்டு, மட்டப்பலகை, மணியாசுக்கட்டை எல்லாம் பழகி நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான்.

இப்போது எல்லாம் சதுர அடி காண்ட்ராக்ட். ஒரு நாள் தள்ளினால் மேஸ்திரிக்கு கையை விட்டுப் போகும். கத்துக்கொடுக்க யாருக்கு நேரம்? ஐ.டி.ஐ.யில் 8ம் வகுப்பு படித்தவர்கள் சேரும் கொத்தனார் பயிற்சி இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

சைட்டிலேயே இருக்கிறார் சித்தாள்

ஆனால் எல்லா சைட்டிலும் ஒருவர் இருக்கிறார். தேடவே வேண்டாம். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்தில் இருந்து கணவருடன் வந்து இருபது வருடமாக பாண்டு சுமக்கும் சித்தாள்.

சுவர்க் கட்டுக்கு ஒன்றுக்கு ஆறு, சீலிங் பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்ற கலவைக் கணக்கு அவருக்கு அத்துப்படி. எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்றும் தெரியும். ஆனால் கூலி கொத்தனார் வாங்குவதில் ஏறக்குறைய பாதிதான். நேற்று சேர்ந்த பையன் ஐந்து வருடத்தில் கொத்தனாராகி, "ஏய், கலவை கொண்டா" என்று இவரையே அதட்டுவான்.

பெண்கள் சாரத்தில் ஏற முடியாதாம். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சாரத்தில் தினம் ஏறுவது யார்? பலம் போதாதாம். கரணையின் எடை அதிகமா, நிறைந்த பாண்டின் எடை அதிகமா?

சம வேலைக்கு சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. அந்த விதி இப்போது 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சட்டம் இங்கே எடுபடாததற்குக் காரணம், அந்த சம வேலையையே பெண்ணிடம் கொடுப்பதில்லை.

முடியாத காரியம் இல்லை இது. கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் வீடுகளே கட்டி முடித்திருக்கின்றன. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா கழிப்பறை வேலைக்கு கொத்தனார் போதாமல், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பல்லாயிரம் பேர் 'ராணி மிஸ்திரி' ஆனார்கள்.

நம்மிடம் பணமும் இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதிக்கு என்று 1996ல் சட்டம் வந்தது. அந்தப் பணத்தில் சித்தாளுக்குப் பயிற்சி தரலாம். ஆனால் பயிற்சி நாளில் கூலி போகக் கூடாது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் வேண்டும். சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு மறுபடி பாண்டு தூக்கப் போகாமல், அரசு காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் இத்தனை பெண் கொத்தனாரை வைத்தே ஆக வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். இது இல்லாமல் நடத்தும் பயிற்சி போட்டோ எடுக்கத்தான் உதவும்.

வீடு கட்டுகிறவர்களும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மேஸ்திரியிடம் பேசும்போது, காம்பவுண்டு சுவரில் ஒரு வாரம் சித்தாளிடம் கரணையைக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளிப்பார். "வேலை இழுக்கும், கூலி யார் கணக்கு?" என்பார். கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் உள்ள வித்தியாசம் ஆறு நாளைக்கு மூவாயிரம் ரூபாய் பக்கம் வரும். டைல்ஸ்காரர் ஒரு மாதம் இழுத்தடித்தால் நீங்கள் கட்டும் வீட்டு வாடகையும் லோன் வட்டியும் அதைவிட எத்தனையோ மடங்கு.